பதினொரு றோஸ் மட்டைகள்

1994 சனவரி 10, திங்கள்

கடற்காற்று இந்த இத்தாலிய நகரத்தின் கால்சாச் சந்துகளுக்குள்ளால் வந்து எங்கள் படிக்கட்டு வரைக்கும் ஏறுகிறது. ஏழு மணிக்கே வேலைக் கந்தோர் வாசலில் நின்றேன். கதவு எட்டரைக்குத்தான் திறக்கும். எனக்கு முன்னால் நான்கு பேர்.

பதினொரு மட்டைக்கும் சீல் குத்தியாயிற்று. என்னுடையது ஒன்று, மற்ற ஆக்களுடையது பத்து. கிளாக்கர் மிம்மோ வழமைபோலச் சிரித்து, "உன்ர குடும்பம் வரவரப் பெருகுது, கிறிகோரியோ" என்றான். படபடவென்று குத்தித் தந்தான். ஐந்து நிமிடம் கூடச் செல்லவில்லை.

பின்னுக்கு ஆரும் கேட்டால் தேதியோடு சொல்ல வேண்டும் என்பதற்காக எழுதி வைக்கிறேன். வேலை இல்லாதவர் மாதம் ஒருமுறை அந்த றோஸ் நிற மட்டைக்குச் சீல் வாங்க வேண்டும். சீல் இல்லையென்றால் பட்டியலில் பெயர் இல்லை. பட்டியலில் பெயர் இல்லையென்றால் எங்களைப் போன்ற வெளிநாட்டுக்காரருக்கு பெர்மெசோ, இங்கே இருக்கிறதுக்கான அனுமதி, புதுப்பிக்கமாட்டார்கள். பெர்மெசோ இல்லையென்றால் - அதை எழுதத் தேவையில்லை.

ஊரில் பதினாறு வருடம் சங்கக்கடை மனேச்சராக இருந்தவன் நான். ஒரு ஆள் பத்து வீட்டுக் கூப்பன் மட்டையோடு வருவார். பதிந்து சாமான் கொடுப்பேன். பத்துப் பேரும் வந்து வெயிலில் நிற்க வேண்டும் என்று எந்த மனேச்சரும் கேட்டதில்லை. இங்கேயும் அதே ஒழுங்குதான். நான் கவுண்டருக்கு மற்றப் பக்கத்தில் நிற்கிறேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

சனவரி 12, புதன்

மனைவி புனிதமலர் வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றும்போதே தொடங்கினாள். "இஞ்சேருங்கோ, ஆரும் மட்டையோட வந்து கதவைத் தட்டினால்தான் உங்களுக்குச் சோறு இறங்குது போல."

இறங்குகிறதுதான். அதில் என்ன பிழை?

சனவரி 30, ஞாயிறு

பூசை முடிந்து, அந்தப் பத்துப் பேரில் ஒருத்தியான றோசமலர் அடுத்த மாதச் சீலுக்குத் தன் மட்டையைத் தந்தாள். ஒரேத்தோத் தெருவில் இருக்கிறாள். புருசன் சுவிசுக்குப் போய் அங்கே வேறு குடும்பமாகிவிட்டான். ஆறு வயதுப் பிள்ளை இங்கே பள்ளிக்கூடம் போகிறது. இவள் பராமரித்துக்கொண்டிருந்த கிழவி செத்ததோடு வீட்டுக்கார சிஞ்ஞோரா இவளை நிற்பாட்டிவிட்டாள். என்னுடைய கதையும் அதுதான். நான் ஏழு வருடம் பார்த்த கிழச் சட்டத்தரணி கண்மூடி இது பதினைந்தாம் மாதம்.

"நானும் ஒருக்கா உங்களோட வரட்டோ ஐயா? எப்பிடியெண்டு பாக்க" என்று கேட்டாள்.

"நீ வந்து என்ன செய்யப்போறாய்? அங்கை நிண்டு கதைக்க உனக்கு வாய் வராது. நான் பார்க்கிறன்" என்றேன்.

தலையாட்டிவிட்டுப் போனாள்.

பெப்ரவரி 7, திங்கள்

மிம்மோ இல்லை. வேறு இடத்துக்கு மாற்றிவிட்டார்களாம். கண்ணாடிக்குப் பின்னால் புது அதிகாரி, பெண், சாம்பல் நிறக் கோட்டு. எல்லோரும் அவளை மரியாதையாக 'தொத்தோரெசா' என்கிறார்கள்.

பதினொரு மட்டையையும் அடுக்கி வைத்தேன். முதலாவது என்னுடையது. குத்தினாள். இரண்டாவதை எடுத்தாள். பெயரைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள்.

"இது ஒரு பெண்ணின் பெயர். எங்கே அவள்?"

"வீட்டில்."

"இவர்?"

"அவரும் வீட்டில்."

"ஒவ்வொரு மாதமும் நீதான் கொண்டுவருகிறாயா?"

ஏதாவது சாட்டுச் சொல்லியிருக்கலாம். நான் நெஞ்சை நிமிர்த்தி, "ஓம், எப்பவும் நான்தான்" என்றேன். பத்துப் பேருடைய பாரத்தைச் சுமக்கிறவன் என்று அவள் மெச்சுவாள் என்று நினைத்தேனோ? நினைத்தேன். இந்தக் கொப்பிக்குள் பொய் எழுதமாட்டேன்.

பேரேட்டை எடுத்தாள். சிவப்புப் பேனை. பத்துப் பெயருக்கும் கோடு. அடிமட்டம் வைத்து, நேராக, ஆறுதலாக.

"நேரில் வராதவர் வேலை தேடாதவர். இல்லாவிட்டால் எங்கேயோ கள்ளமாக வேலை செய்கிறவர். அடுத்தவர்!"

பத்து மட்டையையும் சீல் இல்லாமல் திருப்பித் தள்ளினாள். என் பெயருக்கு மட்டும் கோடு இல்லை. நான் ஒழுங்காக வருகிறவனாம்.

பத்து மட்டையையும் எண்ணாமல் பைக்குள் திணித்தேன். கோபத்தில. பயத்தில இல்லை. கோபத்தில.

பெப்ரவரி 8, செவ்வாய்

வீடு வீடாகப் போய் நானே சொன்னேன். வேறு வாயால் கேட்கக் கூடாது.

விக்னராஜா உணவகமொன்றில் கோப்பை கழுவியவர். கோடையோடு வேலை போனது. அவரும் மனைவி செல்வமலரும் அந்தப் பத்துக்குள் இரண்டு பேர். கதவிலேயே என்னை நிற்க வைத்துக் கத்தினார்.

"உங்களை ஆர் எங்களுக்குத் தலைவராக்கினது? நாங்கள் கேட்டனாங்களோ?"

செல்வமலர் உள்ளே இருந்து, "கேட்டனாங்கள்தான். குளிருக்குள்ள எழும்பப் பஞ்சிப்பட்டுக் குடுத்தனாங்கள். கிறிகோரி அண்ணையை உள்ளுக்கு விடுங்கோ, தேத்தண்ணி ஆறுது" என்றாள்.

தேத்தண்ணி குடித்தேன். ருசி தெரியவில்லை.

றோசமலர் கத்தவில்லை. மட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "என்ர பெர்மெசோ மே முப்பத்தொண்டோட முடியுது ஐயா" என்றாள். கத்தியிருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

பெப்ரவரி 11, வெள்ளி

கந்தோருக்குப் போனேன். என்ன காரணத்துக்காக வெட்டினீர்கள் என்பதை எழுத்தில் தரும்படி கேட்டேன்.

"சொன்னேன்தானே."

"சொன்னது காற்றோடு போய்விட்டது. எழுதித் தாருங்கள்."

"உன் பெயர் பட்டியலில் இருக்கிறது. உனக்கு என்ன குறை?"

அதுதான் குறை என்று சொல்ல எனக்கு இத்தாலியன் வரவில்லை. வீட்டுக்கு வருகிற வழியில் முழு வசனமும் வந்தது.

பெப்ரவரி 17, வியாழன்

பொது நூலகம். பேப்பர் வாசிக்கிற கிழவர்களுக்குப் பக்கத்தில் எனக்கும் ஒரு கதிரை. சட்டப் புத்தகம் கேட்டேன். நூலகக்காரி என்னையும் புத்தகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

நான் படித்தது ஏழாம் வகுப்பு. இத்தாலியன் ஒரு பள்ளிக்கூடத்திலும் படிக்கவில்லை. நான் பராமரித்த சட்டத்தரணிக்குக் கண் தெரியாது. ஒவ்வொரு காலையும் பேப்பர் வாசித்துக் காட்ட வேண்டும். முதல் வருடம் ஒரு பத்திக்கு இருபது தரம் கைத்தடியால் நிலத்தில் தட்டுவார். ஏழாம் வருடம் தடி தட்டவில்லை. எனக்குச் சான்றிதழ் அதுதான்.

பெப்ரவரி 21, திங்கள்

கண்டுபிடித்தேன்!

1990ஆம் ஆண்டுச் சட்டம். நிர்வாகம் எடுக்கிற ஒவ்வொரு முடிவுக்கும் காரணம் எழுத வேண்டும். யாரிடம், எத்தனை நாளுக்குள் மேன்முறையீடு செய்யலாம் என்பதும் அதில் இருக்க வேண்டும். எங்கள் ஆக்களுக்குக் கிடைத்தது என்ன? ஒரு சிவப்புக் கோடும் 'அடுத்தவர்' என்ற சொல்லும்.

வெளிநாட்டுத் தொழிலாளர் சட்டத்தில் இன்னொன்று: வேலை போன ஒரே காரணத்துக்காக ஒருவரின் பெர்மெசோவைப் பறிக்கக் கூடாது. ஒரு எழுத்தும் விடாமல் கொப்பியில் பார்த்தெழுதினேன். நான்கு பக்கம். கை உளைந்தது. நல்ல உளைவு.

மார்ச் 2, புதன்

தொழிற்சங்கத்தின் உதவிக் கந்தோர். நுன்சியா என்ற பெண். ஒரு சிகரெட் அணைய முதல் மற்றதைப் பற்ற வைக்கிறாள். நான் எழுதிக்கொண்டு போன நான்கு பக்கத்தையும் கடைசிவரை வாசித்தாள். அதுவே எனக்குப் பெரிய மரியாதை.

பிறகு சொன்னாள்: "சட்டம் சரி. ஆனால் பிழை உன்னுடையது. பத்துப் பேருடைய மட்டையை நீ ஏன் கொண்டுபோனாய்?"

சங்கக்கடையைப் பற்றிச் சொன்னேன். சிரிக்காமல் கேட்டாள்.

"நல்ல கடை. ஆனால் அங்கே நீ கொடுத்தது அரிசி. இங்கே அவர்கள் பார்ப்பது ஆளை."

அவள் மட்டைகளை விரித்து வைத்து எண்ணினாள். "ஒக்டோபர், நவம்பர், டிசம்பர், சனவரி. நான்கு மாதம் கந்தோர் தன் சீலை இதில் குத்தியிருக்கிறது. சீல் உன்னுடையதில்லை, அவர்களுடையது. முதலில் காரணத்தை எழுத்தில் வாங்கு. அதற்குப் பிறகுதான் அடி."

மார்ச் 9, புதன்

பத்துப் பேருக்காகவும் வேலைக் கந்தோருக்குப் பத்துக் கடிதம். பதிவுத் தபால், கிடைத்ததற்கான அட்டையோடு. தபால் கந்தோர்க்காரன், "ஒரே விலாசத்துக்குப் பத்தா? ஒரு உறைக்குள் போட்டால் என்ன?" என்றான்.

"இந்தமுறை தனித்தனி" என்றேன். படிக்கிறேன். இந்த வயதிலும் படிக்கிறேன்.

மார்ச் 28, திங்கள்

தேர்தல். சுவர் முழுக்கச் சிரிக்கிற முகங்கள். ஒவ்வொருவரும் வேலை தருவார்களாம். வேலைக் கந்தோரின் வெளிச்சுவரிலும் ஒட்டியிருக்கிறார்கள், வரிசையில் நிற்கிறவர்கள் வாசிக்கட்டும் என்று.

ஏப்ரல் 3, உயிர்த்த ஞாயிறு

கோயிலில் எங்கள் ஆக்கள் நிறைந்திருந்தார்கள். பூசை முடிந்து வாசலில் நின்று கதைக்கும்போது, நான் கிட்டப் போனால் கதை நிற்கிறது. றோசமலர் தூரத்திலிருந்து கை காட்டினாள், கிட்ட வரவில்லை.

புனிதமலர் என் கையைப் பிடித்து, "நிமிந்து நடவுங்கோ. களவெடுத்தனீங்களோ?" என்றாள். முப்பத்திரண்டு வருடத்தில் அவள் எனக்குச் சொன்ன நல்ல வார்த்தைகளை எண்ணினால் இதையும் சேர்க்க வேண்டும்.

ஏப்ரல் 12, செவ்வாய்

வந்துவிட்டது! பத்துப் பேருக்கும் ஒரே கடிதம், பெயர் மட்டும் வேறு. 'தொடர்ச்சியாக நான்கு மாதங்கள் மாதச் சரிபார்ப்புக்கு நேரில் சமூகமளிக்காத காரணத்தால் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டுள்ளார். முப்பது நாளுக்குள் ஆணைக்குழுவிடம் மேன்முறையீடு செய்யலாம்.' கையெழுத்து. தேதி.

விக்னராஜாவின் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நான் சிரித்ததைப் பார்த்து அவருக்குப் பத்திக்கொண்டு வந்தது.

"அண்ணை, உங்களுக்குத் தட்டிப்போட்டுதோ? எங்களை வெட்டினது சரியெண்டு எழுதியிருக்கிறாள். இதுக்குப் போய்ச் சிரிக்கிறியள்!"

"எழுதியிருக்கிறாளல்லோ. இனி அவளால மாத்திக் கதைக்கேலாது."

செல்வமலர் புருசனைப் பார்த்து, "இந்த மனுசன் சாவுக் கடிதம் வந்தாலும் பிழை திருத்திப்போட்டுத்தான் சாவார்" என்றாள்.

ஏப்ரல் 17, ஞாயிறு

எங்கள் ஒற்றை அறைக்குள் பத்துப் பேர். கட்டிலில் ஐந்து பேர், மற்றவர்கள் நிலத்தில். புனிதமலர் வடை சுட்டாள்.

நான் மேன்முறையீட்டை ஏற்கெனவே எழுதி வைத்திருந்தேன். பத்துப் பேருக்கும் ஒரே வாசகம். கையெழுத்து மட்டும் போதும் என்றேன். நுன்சியா ஞாயிறென்றும் பாராமல் படியேறி மூச்சு வாங்கி வந்து, வாசித்து, மடித்து, என் சட்டைப் பைக்குள் திணித்தாள்.

"மறுபடியும் பத்து மட்டையைக் கொண்டு ஓடுகிறாய். ஆணைக்குழு இவர்களைக் கூப்பிட்டுக் கேள்வி கேட்கும். ஒவ்வொருவரும் தன் கதையைச் சொல்லட்டும். நான் எழுதுகிறேன்."

சொன்னார்கள். நான் மொழிபெயர்த்தேன். ஆறு வருடம் ஒருவருக்கொருவர் தெரிந்த ஆக்கள், ஆனால் இன்றைக்குத்தான் சில விஷயங்கள் எனக்குத் தெரியவந்தன. செல்வமலர் மூன்று வீட்டில் மாடிப்படி கழுவக் கேட்டுப் போய், மூன்று வீட்டிலும் கையால் காட்டித் துரத்தப்பட்டவள். எப்பவும் பகிடி விடுகிற ஆள், அதை மட்டும் பகிடி இல்லாமல் சொன்னாள். றோசமலர் வேலை கேட்டு ஏறி இறங்கின வீடுகளின் பெயர்களை ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறாள். முப்பத்தொரு வீடு. தேதியோடு.

நான்தான் தேதியோடு எழுதுகிற ஆள் என்று நினைத்திருந்தேன்.

கடைசியில் என் வாக்குமூலம். 'மட்டைகளைக் கொண்டு சென்றவன் நான். யாரையும் ஏமாற்றவில்லை. அவர்களை வரத் தேவையில்லை என்று சொன்னவனும் நான்தான்.' கையெழுத்து வைத்தேன். பேனையை அழுத்தினதில் தாள் கிழியப் பார்த்தது.

மே 5, வியாழன்

ஆணைக்குழு கூடுகிற நாள்: மே 18, புதன், காலை பத்து மணி. என்னைச் சாட்சியாகக் கூப்பிட்டிருக்கிறார்கள். கோட்டைச் சுத்தம் செய்யக் கொடுத்தேன்.

மே 13, வெள்ளி

தந்தி.

வேலைக் கந்தோரிலிருந்து. பதினெட்டு மாதத்தில் முதல் தரம் எனக்கு வேலை. பக்கத்து ஊரான பகேரியாவில் வயோதிபர் இல்லம், பகல் நேரப் பராமரிப்பு, காப்புறுதிக் கட்டுப்பணத்தோடு. மே 18 காலை எட்டு மணிக்குச் சமூகமளிக்க வேண்டும். வராவிட்டால் வேலையை மறுத்ததாகக் கருதிப் பெயர் பட்டியலிலிருந்து நீக்கப்படும்.

மே பதினெட்டு. எட்டு மணி.

ஏனடாப்பா அந்த நாள்? வருசத்தில வேறை நாளே இல்லையோ இவங்களுக்கு?

மே 14, சனி

புனிதமலர் தந்தியைத் தேவாரக் கொப்பி வாசிக்கிற மாதிரித் திரும்பத் திரும்ப வாசித்தாள். நாங்கள் கத்தோலிக்கர். தேவாரம் என்ற பகிடி செல்வமலருடையது, எனக்கும் சிரிப்பு வந்தது. பிறகு ஆருக்கும் சிரிப்பு வரவில்லை.

"ஐம்பத்தொன்பது வயசு உங்களுக்கு. இனி ஆர் கூப்பிடப் போறாங்கள்?" - புனிதமலர்.

"அண்ணை, நீங்கள் வேலைக்குப் போங்கோ. நான் அண்டைக்குக் கத்தினதை மனசில வையாதேங்கோ" - விக்னராஜா.

றோசமலரும் வந்திருந்தாள். "போங்கோ ஐயா. நாங்கள் கதைப்பம்."

"என்னத்தைக் கதைப்பாய்?"

"கேக்கிறதுக்குப் பதில்."

எனக்கு நம்பிக்கை இல்லை. அதை முகத்தில் காட்டாமல் இருக்கப் பார்த்தேன். காட்டியிருப்பேன். அவள் முகம் சிவந்துபோனது.

மே 16, திங்கள்

கந்தோருக்குப் போய் ஒருநாள் தவணை கேட்டேன். பத்தொன்பதாம் திகதி போகிறேன், பதினெட்டு எனக்குச் சாட்சி சொல்ல வேண்டிய நாள் என்றேன். தந்தியையும் ஆணைக்குழுக் கடிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன்.

தொத்தோரெசா இரண்டையும் பார்த்தாள். தேதியைக் கண்டு அவளும் ஒரு நொடி நின்றமாதிரி இருந்தது. "நான் நாள் குறிக்கவில்லை. இல்லம் கேட்ட நாள் அது. பட்டியலில் உன் முறை வந்தது."

இருக்கலாம். உண்மையாகவும் இருக்கலாம். அவள் கெட்டவள் என்று எழுத எனக்கு ஆசைதான். ஆனால் எனக்குத் தெரியாது. தெரியாததை எழுதமாட்டேன்.

தவணை கேட்டு ஒரு கடிதம் எழுதி, சீல் குத்திப் பிரதி வாங்கினேன். பதில்: இல்லை.

மே 17, செவ்வாய்

வேலை வேண்டும். புனிதமலரின் முழங்கால் வீங்கியிருக்கிறது. அவள் ஒருத்தியின் உழைப்பில் இருக்கிறோம். நான் வேலை வேண்டாத பெரிய மனுசன் இல்லை. கிழவர்களைத் தூக்கிக் குளிப்பாட்ட எனக்குத் தெரியும். அந்த வேலையை நான் நன்றாகச் செய்வேன்.

ஆனால் அந்தப் பத்துக் கோடும் என் கண்ணுக்கு முன்னால் விழுந்தவை. என் வாயிலிருந்து வந்த 'ஓம்' என்ற சொல்லுக்கு விழுந்தவை. அதை நான் போய்ச் சொல்லாமல் வேறு ஆர் சொல்வது?

கோட்டு வந்துவிட்டது. கதிரையில் மாட்டியிருக்கிறேன். புனிதமலர் பார்த்தாள். பொத்தானை இறுக்கித் தைத்தாள்.

மே 18, புதன்

பத்து மணிக்கு முதலே பத்துப் பேரும் வந்துவிட்டார்கள். நீளமான விறாந்தை, இரண்டு பக்கமும் வாங்கு. எட்டு மணிக்கு நான் எந்த றெயிலில் இருந்திருக்க வேண்டும் என்று நினைக்காமல் இருக்க முயன்றேன்.

கதவு திறந்தது. நான் முன்னால் எழும்பினேன். ஆணைக்குழுத் தலைவர் தாளைப் பார்த்தார்.

"நீங்கள் மேன்முறையீடு செய்தவர் அல்ல. உங்கள் பெயர் வெட்டப்படவில்லை. வெளியே இருங்கள், தேவையென்றால் கூப்பிடுவோம்."

வெளியே இருந்தேன். ஒரு மணித்தியாலமும் நாற்பது நிமிடமும். ஒவ்வொருவராக உள்ளே போய் வந்தார்கள். கதவு தடிப்பானது, ஒன்றும் கேட்கவில்லை. நுன்சியா உள்ளே இருந்தாள். மொழிபெயர்க்க நான் இல்லை. என்ன சொல்கிறார்களோ, எங்கே வினையைப் பிழையாகப் போடுகிறார்களோ - வாங்கில் இருக்க முடியவில்லை.

றோசமலர் உள்ளே போய் இருபது நிமிடம் ஆயிற்று. ஒரு தரம் உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது. நல்ல சிரிப்பா கெட்ட சிரிப்பா தெரியவில்லை. வெளியே வந்தபோது அவள் கழுத்தெல்லாம் வியர்வை.

"என்ன கேட்டவை?"

"ஏன் வரேல்லை எண்டு கேட்டவை. ஐயா வரவேண்டாம் எண்டவர், நான் அந்தச் சொல்லைக் கேட்டிருக்கக் கூடாது எண்டன். முப்பத்தொரு வீட்டுத் தாளைக் குடுத்தன். ஒரு வீடு தலைவரின்ர அக்காவின்ர வீடாம். அதுதான் சிரிச்சவை."

கடைசியில் என்னைக் கூப்பிட்டார்கள். இரண்டு கேள்வி.

"மட்டைகளை நீங்கள்தான் கொண்டுவந்தீர்களா?"

"ஓம்."

"கிளாக்கருக்குத் தெரியுமா?"

மிம்மோவின் சிரிப்பு ஞாபகம் வந்தது. நல்ல மனிசன். அவனுக்கு இதால் ஏதும் வருமோ? "தெரியும். அவன் எங்களை ஏமாற்றவில்லை, நாங்களும் அவனை ஏமாற்றவில்லை."

"நன்றி. போகலாம்."

இரண்டு நிமிடம். எட்டுப் பக்கம் மனப்பாடம் செய்துகொண்டு போனேன். ஒன்றும் தேவைப்படவில்லை. ஒரு வேலையைக் கொடுத்து இரண்டு பதில் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். இரண்டும் உண்மை. விலை கூடத்தான். கொடுத்தாயிற்று.

மே 24, செவ்வாய்

பதிவுத் தபால். 'வழங்கப்பட்ட வேலைக்குச் சமூகமளிக்காத காரணத்தால்' கிறிகோரியும் பட்டியலிலிருந்து நீக்கம். காரணம், தேதி, சட்ட இலக்கம், முப்பது நாள் தவணை, ஆணைக்குழு விலாசம். எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. ஒரு குறையும் பிடிக்க முடியாது.

இந்தக் கந்தோருக்குக் கடிதம் எழுதப் பழக்கினது நான்.

மே 27, வெள்ளி

நுன்சியா ஆளனுப்பிக் கூப்பிட்டாள். தீர்ப்பு வந்துவிட்டது. நான்கு மாதமும் சீல் குத்தி ஏற்றுக்கொண்ட கந்தோர், முன்னறிவித்தல் இல்லாமல் அதையே குற்றமாக்க முடியாது. பத்துப் பேரும் திரும்பப் பட்டியலில், வெட்டின நாளிலிருந்தே. இனிமேல் நேரில் வர வேண்டும்.

விக்னராஜா என்னைக் கட்டிப் பிடித்தார். அந்த மனிசன் அழுவார் என்று எனக்குத் தெரியாது. செல்வமலர் அவருடைய முதுகில் தட்டி, "காணும், அண்ணையின்ர கோட்டு நனையுது" என்றாள்.

மே 30, திங்கள்

றோசமலர் குவெஸ்தூரா என்கிற பொலிஸ் தலைமைக் கந்தோருக்குத் தனியாகப் போனாள். நான் வரட்டோ என்று கேட்டேன். வேண்டாம் என்றாள், சிரித்துக்கொண்டு. பின்னேரம் மூன்று மணிக்கு வந்து பெர்மெசோவை மேசையில் வைத்தாள். ஒரு வருடம்.

நாளையோடு முடிகிறதாக இருந்தது.

யூன் 12, ஞாயிறு

சண்டை.

எனக்கான மேன்முறையீட்டை நான் எழுதத் தொடங்கியிருந்தேன். பூசை முடிந்து பத்துப் பேரும் வந்தார்கள், தாங்கள் ஒன்று எழுதியிருக்கிறார்களாம். தங்களுக்காகச் சாட்சி சொல்லப் போனதால்தான் இவர் வேலைக்கு வரவில்லை என்று. றோசமலர் எழுதியது. நோட்டுக் கொப்பித் தாள், உருண்டை எழுத்து.

வாசித்தேன். இரண்டாவது பந்தியில் 'ஏழை, நோயாளியான, ஆதரவற்ற முதியவர்' என்று இருந்தது.

"ஆர் இது?"

"நீங்கள்தான் ஐயா. அப்பிடி எழுதினால் மனமிரங்குவினம் எண்டு -"

"எனக்கு ஒரு நோயுமில்லை! ஆதரவில்லையெண்டு ஆர் சொன்னது? என்ர மனுசி ஆர், இந்த அறைக்குள்ள நிக்கிற நீங்கள் எல்லாம் ஆர்? இரக்கப்பட்டுத் தாற சீல் எனக்கு வேண்டாம். அது என்ர உரிமை. வெட்டு அதை!"

செல்வமலர்: "அண்ணை, ஒருக்கா மட்டும் பாவமா இருங்கோவன். ஆரும் பார்க்காயினம்."

"மாட்டன்."

புனிதமலர் சமையலடியில் நின்று, "எழுதினது சரியான பொய்தான் பிள்ளை. இவர் பாவமெண்டு முப்பத்திரண்டு வருசத்தில எனக்கே தோன்றேல்லை" என்றாள்.

எல்லோரும் சிரித்தார்கள். றோசமலர் சிரிக்கவில்லை. தாளை என் கையிலிருந்து எடுத்து அந்த வரியைக் கோடு போட்டு வெட்டினாள். "மிச்சத்தை நான் யோசிச்சு எழுதுறன். நீங்கள் கை வைக்க வேண்டாம்" என்றாள்.

என்னுடைய மேன்முறையீடு. நான் கை வைக்கக் கூடாதாம்.

யூன் 16, வியாழன்

காலை ஒன்பது மணிக்குப் பத்துப் பேரும் கந்தோருக்குப் போனார்கள். நான் வாசலுக்கு வெளியே நின்றேன். பெயர் இல்லாதவனுக்கு உள்ளே வரிசை இல்லை. எனக்கு வெயில், அவர்களுக்கு நிழல்.

முக்கால் மணித்தியாலத்தில் வந்தார்கள். றோசமலர் பதிவு இலக்கம் குத்தின பிரதியைத் தந்தாள். தொத்தோரெசா முதலில் வாங்க மாட்டேன் என்றாளாம். பத்துப் பேரும் கவுண்டரை விட்டு நகரவில்லையாம்.

நின்றபடியே வாசித்தேன். வெட்டின வரிக்குப் பதிலாக அவள் எழுதியிருந்தது, தமிழில் இப்படி வரும்:

'இவர் எங்களுக்காக மாதாமாதம் வரிசையில் நின்றார். எங்களால் நிற்க முடியாது என்று நினைத்தார். அது அவருடைய பிழை. மே பதினெட்டாம் திகதி அவர் வேலைக்குப் போகாதது பிழையல்ல.'

கீழே பத்துக் கையெழுத்து. பத்தும் வேறு வேறு.

இத்தாலியனில் மூன்று இடத்தில் பிழை இருந்தது. பேனை என் சட்டைப் பைக்குள்தான் இருந்தது. நான் எடுக்கவில்லை.